ஒற்றைக் கண் ஆக்னஸும் என் தங்கை மார்லீனும்

என் தங்கை மார்லீன் ஹுடாக், ஊரே எதிர்த்து நின்றபோதும் ஜெயித்தவை இவை.

ஒன்று, எங்கள் ஊர் ஹாலோவேயில் லூத்தரன் சர்ச்சின் நிலவறையில் செவ்வாய்தோறும் இல்லாதவர்களுக்கு மளிகை கொடுக்கும் உணவறையில் நாற்பது நாற்காலிகள். அதற்கு முன்னால் ஜனங்கள் வெளியே பனியில் நின்றார்கள். இரண்டு, வீட்டில் ஓவன் இல்லாதவர்களுக்கு முழு வான்கோழிக்குப் பதிலாக வெந்த கோழி. மூன்று, யாருக்கும் வேண்டாத கிரான்பெரி ஜெல்லியை ஒரு குடும்பத்தின் தலையில் ஒரு டப்பாவுக்கு மேல் கட்டக் கூடாது என்ற தீர்மானம். கமிட்டியில் ஐந்துக்கு இரண்டு ஓட்டில் நிறைவேறியது. அந்த இரண்டு ஓட்டுக்காரர்கள் இன்றுவரை அவளோடு சரியாகப் பேசுவதில்லை. நான்கு, ஆள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குப் பெரிய ஃப்ரீஸர். அதன் கதவில் யாருடைய பெயரும் கிடையாது. ஹாலோவேயில் பெயர்ப்பலகை இல்லாத ஒரே நன்கொடை அதுதான். சர்ச் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலேகூட ஒரு தம்பதியின் பெயர் பித்தளையில் மின்னுகிறது.

இவற்றை ஜெயித்தபோது அவளுக்கு ஒரு பதவியும் இல்லை, கமிட்டியில் ஓட்டும் இல்லை. நாங்கள் இருவரும் ஆற்றோரக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவள் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்குவாள். நான் வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடும் பாட்டில்களில் குமிழியும் கீறலும் தேடுவேன். பத்தாம் வகுப்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2001-இல் தொழிற்சாலையை மூடியபோதுதான் எழுந்தேன். அதனால் தேதியும் எண்ணிக்கையும் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

மார்லீனின் கணவன் வால்ட், நுரையீரலுக்கு நல்லது என்று ஃப்ளோரிடாவுக்குப் போனான். நுரையீரல் தேறியது. ஆள் திரும்பவில்லை. அவள் எங்கள் அப்பாவின் பெயருக்கே மாறிக்கொண்டு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். என் ஓய்வூதியம் ஒரு வாய்க்குத்தான் காணும், இரண்டு வாய்க்குக் காணாது. 2003 இலையுதிர் காலத்தில் அவள் உணவறை வரிசையில் நின்றாள்.

அந்த உணவறைக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில், வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றித் திருநாளுக்கு முந்தைய வாரம், ஒவ்வொரு குடும்பமும் கொடையாளர்களுக்கு ஒரு நன்றி அட்டை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி இருந்தது வான்கோழி மேசைக்கு நான்கடி முன்னால். எழுதினால்தான் வான்கோழி என்று யாரும் வாயால் சொன்னதில்லை. அந்த நான்கடியே அதைச் சொல்லிவிடும். அட்டையில் முதல் வரி அச்சடித்தே இருக்கும்: "உங்கள் தாராள மனதால் இந்த ஆண்டு எங்கள் வீட்டில்..." மிச்சத்தை நாம் நிரப்ப வேண்டும்.

மார்லீன் நிரப்பினாள். "முட்டையும் உருளைக்கிழங்கும் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதிப் பெட்டியில் போடப் போனாள். கமிட்டித் தலைவி மிசஸ் ப்ரூபேக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே பச்சை ஏப்ரனோடு நின்றிருந்தார். ஒவ்வொரு அட்டையையும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் உள்ளே போடுவார். உணர்ச்சி வசப்படுவதற்காகப் படிப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

"மார்லீன், கண்ணு, இது நன்றி அட்டைம்மா. சாமான் பட்டியல் இல்ல. கீழ பேரும் போடலியே நீ."

"தேவையானதைக் கேக்கலாம்னு நெனச்சேன்."

"தாராளமா கேக்கலாம். அதுக்கு வேற நாள் இருக்கு."

"எந்த நாள்?"

மிசஸ் ப்ரூபேக்கர் அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்தவங்க வாங்க."

நான் வெளியே வண்டியில் இருந்தேன். வெறுங்கையோடு வந்து ஏறினாள். கையில் அந்த அட்டை மட்டும்.

"வான்கோழி எங்க?"

"அதுக்கு என் கையெழுத்து வேணுமாம். கட்டுப்படி ஆகாது எமில், வண்டிய எடு."

அந்த வருஷம் நன்றித் திருநாளுக்கு நாங்கள் பெட்டி மக்ரோனி சாப்பிட்டோம். அட்டை சமையலறை மேசை இழுப்பறையில், கத்திகளுக்கு அடியில் போயிற்று.

2006-இல் அவளுக்குப் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. கிடைத்த மறுவாரமே உணவறையில் தொண்டு செய்யச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "அந்த மேசை மறுபக்கத்துலேருந்து எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்" என்றாள். டப்பா தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுபக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் தொண்டர்கள் முப்பத்தொரு பேர். ஒரு பீன்ஸ் டப்பாவை மூன்று பேர் கைமாற்றி ஒரு பையில் போட்டார்கள், நான்காவது ஆள் படம் எடுத்தார். ஏப்ரன் போதவில்லை என்று இரண்டு பெண்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். பிப்ரவரியில், குழாய்த் தண்ணீர் உறைகிற செவ்வாய்க்கிழமைகளில், தொண்டர்கள் மூன்று பேர்: மார்லீன், நான், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அப்போது வரிசையில் நவம்பரை விட இருபது குடும்பம் அதிகம்.

வந்து சேரும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் வீட்டு அலமாரியில் இனி இருக்க வேண்டாம் என்று ஒருவர் நினைப்பதெல்லாம் இங்கே வரும். 1998-லேயே தேதி முடிந்த ஒரு பூசணிக் கூழ் டப்பாவின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன், பழைய தொழில் புத்தி. அந்த டப்பா, அதை வாங்கிப்போன குடும்பத்தின் பிள்ளை வழியாகப் பள்ளிக்கூடச் சேகரிப்புக்குப் போய், அங்கிருந்து மறுபடி எங்களிடம் வந்தது. நான்கு வருஷத்தில் மூன்று முறை. நான்காவது முறை மார்லீன் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "பாவம், அதுக்கும் ஓய்வு வேணும்" என்றாள்.

மாதக் கூட்டங்களில் தொண்டர்கள் கருத்துச் சொல்லலாம். மார்லீன் சொன்னாள். வரிசையை உள்ளே கொண்டுவர வேண்டும், நாற்காலி போட வேண்டும், மோட்டல் அறைகளில் குடியிருப்பவர்களிடம் ஓவன் கிடையாது. கூட்டக் குறிப்பேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் பதினோரு இடத்தில் "மார்லீன் ஒரு கருத்துக் கூறினார்" என்று இருக்கிறது. என்ன கருத்து என்று ஓரிடத்திலும் இல்லை. பக்கத்திலேயே நாப்கின் நிறம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

2007 நவம்பரில் அட்டைப் பெட்டிப் பொறுப்பு அவளிடம் வந்தது. மிசஸ் ப்ரூபேக்கருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை, அதனால் நிற்க முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அறுபத்து மூன்று குடும்பம் வந்தது. ஒன்பது பேர் அட்டை எழுதினார்கள். மற்றவர்கள் பெட்டியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருக்கு எழுத வராது. சிலருக்கு வரும், கை வராது. மார்லீன் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு எல்லோருக்கும் வான்கோழி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டாள். "எமில், உன்கிட்ட எத்தன பேனா இருக்கு?"

"ஏழு. பென்சில் சேத்தா பன்னண்டு."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வா. அம்பத்து நாலு பேரு இன்னும் நன்றி சொல்லலியாம்."

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஐம்பத்து நான்கு அட்டையையும் அவளே எழுதினாள். பிள்ளைகள் எழுதியதாக இருக்க வேண்டியதை இடது கையால் எழுதினாள். வரிசையில் நிற்பவர்களின் உண்மைப் பெயரை எதிலும் போடவில்லை. அது அவர்களுடையது, எடுக்க நமக்கு உரிமை இல்லை என்றாள். அதனால் புதிதாக ஆட்களைப் பிறப்பித்தாள்.

ஆக்னஸ் பால்மர், எழுபத்தேழு வயது விதவை, ஒற்றைக் கண். அவள் எழுதினாள்: "நீங்கள் கொடுத்த பதினோரு டப்பா கிரான்பெரி ஜெல்லிக்கு நன்றி. அவற்றை அடுக்கி மேலே பலகை போட்டு அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல உறுதி."

லெராய் ஸ்டோக்ஸ், ஒரு காலத்தில் நடன மண்டபங்களில் டிரம்பெட் வாசித்தவர்: "இரண்டு மணி நேரம் பனியில் நின்றதில் உதடு விறைத்து, நாற்பது வருஷமாக எட்டாத ஓர் உச்ச சுரம் வீட்டுக்கு வந்ததும் எட்டியது. நன்றி. அடுத்த வாரமும் நிற்பேன்."

டீனா, மோட்டலில் மூன்று பிள்ளைகளோடு: "எங்களிடம் ஓவன் இல்லை. பதினான்கு பவுண்டு வான்கோழியைக் குளியல் தொட்டியில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதற்கு ஹெரால்டு என்று பெயர் வைத்து, ராத்திரி படுக்கப்போகும் முன் அதற்கும் குட்நைட் சொல்லிவிட்டுப் படுக்கிறார்கள். அதன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறார்கள். நன்றி."

கொடையாளர் விருந்தில் இந்த அட்டைகளை மிசஸ் ப்ரூபேக்கர் ஊன்றுகோலோடு எழுந்து நின்று வாசித்தார். ஒன்றரைப் பக்க விவாதத்தில் தேர்ந்தெடுத்த நாப்கின்களெல்லாம் கண்ணீரில் நனைந்தன. பிப்ரவரிக்குள் நாற்பது நாற்காலி வந்துவிட்டது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பித்தளைத் தகட்டோடு. வரிசை உள்ளே வந்தது. மறு நவம்பரில் வெந்த கோழி வந்தது.

"இதைத்தான நான் ஒரு வருசமா சொன்னேன்" என்று மார்லீன் கேட்டாள்.

மிசஸ் ப்ரூபேக்கர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ சொன்னப்ப அது புகார் மாதிரி இருந்துச்சும்மா. இது நன்றியில்ல?"

அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் நாங்கள் எழுதினோம். எழுதியது அவள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன், ஆளுக்கு ஒரு பக்கம். போன வருஷம் ஆக்னஸுக்கு எழுபத்தேழு என்றால் இந்த வருஷம் எழுபத்தெட்டு ஆக வேண்டும். போனது இடது கண் என்றால் அடுத்த வருஷமும் இடது கண்ணாகவே போயிருக்க வேண்டும். ஒருமுறை டீனாவின் மூத்த பிள்ளைக்கு இரண்டு வருஷமாக ஒரே பல் விழுந்துகொண்டிருந்ததை நான்தான் பிடித்தேன். நான்கு வருஷத்தில் ஒரு கீறல் வெளியே போகவில்லை.

2011-இல் ஃப்ரீஸர் பிரச்சினை வந்தது. உணவறையில் இருந்தது பாஸ்டர் வீட்டிலிருந்து கழித்துப் போட்ட குளிர்ப்பெட்டி. அதன் மேல்தட்டில் உறைந்த கோழி பதினொன்று பிடிக்கும். அழுத்தி வைத்தாலும் பதினொன்றுதான், நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். செப்டம்பரில் மாவட்டக் கிடங்கிலிருந்து லாரி வந்தது. இருநூறு கோழி, இலவசம். வைக்க இடமில்லை என்று திருப்பி அனுப்பினோம். அதற்கு முந்தின டிசம்பரில் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த மான் கறியையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினோம். கோழி லாரி வந்த அன்று வரிசையில் எண்பத்தெட்டு குடும்பம் இருந்தது, லாரி பின்பக்கமாகத் திரும்பிப் போவதை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கூட்டத்தில் மார்லீன் ஒரு கருத்துக் கூறினாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து ஆக்னஸைக் கூப்பிட்டாள். ஆக்னஸ் இந்த முறை கமிட்டிக்கு எழுதவில்லை. நாற்பது மைல் தள்ளி இறைச்சிக் கிடங்கு வைத்திருக்கும் மிஸ்டர் கெஸ்லருக்கே எழுதினாள். விருந்தில் அவர்தான் அதிகமாக அழுபவர். "உணவறையில் கோழி பதினொன்று. வரிசையில் என் இடம் பன்னிரண்டு. பதினோராவது ஆள் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டிலிருந்து நல்ல வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். நன்றி."

நான்கே நாளில் கெஸ்லர், மிசஸ் ப்ரூபேக்கருக்குப் போன் செய்தார். பெரிய ஃப்ரீஸர் ஒன்று தருகிறார். ஒரே நிபந்தனை. நவம்பர் 19 விருந்தில் ஆக்னஸ் பால்மர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அப்புறம் நாடா வெட்ட வேண்டும். படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் வருவார்.

இந்தச் செய்தியைக் கமிட்டிக் கூட்டத்தில் அறிவித்தார்கள். மார்லீனும் நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். வருகைப் பதிவேட்டில் ஆக்னஸ் என்று ஒரு பெயரும் இல்லையே என்று யாராவது கேட்பார்கள், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு என் ஊர் தெரியவில்லை.

"ஆக்னஸா, தங்கமான மனுஷி" என்றார் மிசஸ் ப்ரூபேக்கர். "போன குளிர்ல என் சொந்த மஃப்ளரையே கழட்டிக் கொடுத்தேன்."

பியானோ வாசிக்கும் அம்மாள் விடவில்லை. "நான் ரெண்டு தடவ வீட்ல கொண்டுபோய் விட்டுருக்கேன். அந்தக் கண்ணப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க. ரொம்ப ரோஷம்."

பின்தங்குவது பொருளாளருக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வீட்டுப் படிய நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன். சொல்ல வேணாம்னு இருந்தேன்."

மிசஸ் ப்ரூபேக்கர் எங்கள் பக்கம் திரும்பினார். "மார்லீன், நீ வாராவாரம் அவங்கள பாக்கறியே, கூட்டிட்டு வந்துடு கண்ணு. நல்ல துணி இல்லன்னா சொல்லு."

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மார்லீன் மேசையில் உட்கார்ந்தாள்.

"எமில், ஆக்னஸ மூணு பேரு பாத்துருக்காங்க. வீட்டுக்குப் படி வேற இருக்காம்."

"நோட்டுல படி இல்ல" என்றேன்.

"எழுதிக்க."

"செத்துப் போய்ட்டாங்கன்னு சொல்லிடலாம். எம்பத்தொரு வயசு, யாரும் கேக்க மாட்டாங்க."

"செத்தா ப்ரூபேக்கர் பூவோட வருவா. எந்தக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போவ? ஃப்ரீஸரும் அந்தக் குழிக்குள்ளயே போயிடும்."

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஒருத்தியை ஆக்னஸாக நடிக்க வைப்பது. வரிசையில் அந்த வயதுக்குப் பொருத்தமாக இருந்தது ஹேஸல் டிரெஸ்லர் மட்டும்தான். வயது எழுபத்தொன்பது, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனோம். நீளப் பெட்டி மாதிரி ஒரு டிரெயிலர் வீடு, வாசலில் படி இல்லை, ஒரு பால் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். காபி கொடுத்தாள். மார்லீன் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஹேஸல் முதலில் நன்றாகச் சிரித்தாள், ஹெரால்டு கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். அப்புறம் நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு கண்ண மூடிட்டு ஒக்காரணுமா நான்?"

"ஒரு சாயங்காலந்தான்" என்றாள் மார்லீன். "ஃப்ரீஸர் வந்துடும் ஹேஸல். உனக்குத் தெரியும், லாரி திரும்பிப் போனதப் பாத்தவதான நீ."

"பாத்தேன். மார்லீன், ஒம்போது வருசமா அந்த வரிசையில நிக்கறேன். ப்ரூபேக்கரம்மா என்ன ஒரு தடவகூட பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அந்தப் பொருளாளர் கூப்பிடற பேரு 'அடுத்தவங்க'. இல்லாதவள மூணு பேருக்குத் தெரியுது, மஃப்ளர் குடுக்கறாங்க, படி கட்டறாங்க. இருக்கற என்ன ஒருத்தருக்கும் தெரியல. நான் இன்னும் கொஞ்சம் இல்லாமப் போகணுமா?"

"தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கல. காபிய குடி, ஆறுது. ஆனா ஒண்ணு. நீயும் எங்கள எல்லாம் மறச்சு வெச்சுட்டு அழகா ஒருத்திய நிறுத்திட்ட பாரு. அவ எங்கள விட நல்லா நன்றி சொல்றா."

திரும்பும்போது எங்கள் தெரு முனை வந்ததும் மார்லீன், "அவ சொன்னது சரி" என்றாள். எனக்கு அந்தப் பால் கூடை ஞாபகமாகவே இருந்தது.

மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்து கத்திகளை எடுத்து வெளியே வைத்தாள். அடியிலிருந்து 2003-ஆம் வருஷத்து அட்டையை எடுத்தாள். ஓரம் மஞ்சளாகியிருந்தது. அவள் எழுதிய ஒரு வரிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

"கெஸ்லருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. உள்ளத உள்ளபடி."

"ஃப்ரீஸர் போச்சுன்னா?"

"போகலாம்."

"ப்ரூபேக்கர் உன்ன வெளிய அனுப்பிடுவா. நாலு வருசம் அத்தன பேரையும் அழ வெச்சிருக்க. நாப்கினுக்கு ஈடு கேப்பாங்க."

"அனுப்பட்டும், மறுபடியும் வரிசையில போய் நிக்கறேன். இப்ப நாற்காலி இருக்குல்ல." ஏழு பேனாவில் ஒன்றை எடுத்து உதறினாள். "நீ கோட்டப் போடு. தபாலாபீஸ்ல பதினோரு மணிக்குத் தபால் எடுத்துடுவாங்க."

தபாலில் போடுவதற்கு முன்னால் அதை நான் நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுத்துக்கொண்டேன். ஆக்னஸ் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்.

வியாழக்கிழமை போன் வந்தது. மார்லீன் எடுத்தாள், நான் ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்துக்கொண்டேன்.

"மிஸ் ஹுடாக், கெஸ்லர் பேசறேன். ஆக்னஸ்னு ஒருத்தங்க இல்லவே இல்லையா?"

"இல்லீங்க."

"மோட்டல்ல இருக்கற அந்தப் பொண்ணு?"

"அது இருக்கு. நாலஞ்சு பேரு இருக்காங்க. வான்கோழிக்குப் பேரு வெச்சது மட்டும் நான்."

"அந்த டிரம்பெட் ஆளு?"

"இல்லீங்க."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு அவரத்தான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு" என்றார் கெஸ்லர்.

"எனக்கும்தான்" என்றாள் மார்லீன். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னாள்.

"அந்தப் பதினோரு கோழி?"

"அது சத்தியம். எங்கண்ணன் எண்ணினான்."

அந்த வரியை அவள் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சியைக் காட்டுவது போல இருந்தது.

கெஸ்லர் தொண்டையைச் செருமினார். "கதவுக்குப் பித்தளைத் தகடு ஒண்ணு செய்யக் குடுத்துட்டேன். 'ஆக்னஸ் பால்மருக்காக, கெஸ்லர் குடும்பத்தார்'னு. நிறுத்தச் சொல்லிடறேன். இனிமே யாரு பேரப் போட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும்."

"அப்ப ஃப்ரீஸர்?"

"தகட்டதான் நிறுத்தறேன்னு சொன்னேன்."

19-ஆம் தேதி விருந்தில் கெஸ்லர் எழுந்து, ஆக்னஸுக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஊரின் மானத்தைக் காப்பாற்றவா, ஊர் என்ன செய்கிறது என்று பார்க்கவா. பார்க்கத்தான் என்றால் ஏமாற்றம் இருந்திருக்காது.

"ஆமாமா" என்றார் மிசஸ் ப்ரூபேக்கர். "நேத்துதான் சூப் கொண்டுபோய்க் குடுத்தேன். எந்திரிக்கவே முடியல, பாவம்."

கெஸ்லர் நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

ஃப்ரீஸர் 2012 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை வந்தது. நாடாவும் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை. தொண்டர்கள் மூன்று பேர்தான், மாதம் ஜனவரி அல்லவா. முதல் நாளே நூற்று நாற்பது பவுண்டு மான் கறி உள்ளே போயிற்று. ஹேஸல் டிரெஸ்லர் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இதுக்குக் கதவு சரியா மூடுது" என்றாள். பொருளாளர் கட்டிய படியைத் தேடி ஒருநாள் ஊரெல்லாம் நடந்து பார்க்கப் போவதாகவும் சொன்னாள். அந்த வேனிலில் நானும் தபால்காரரும் அவள் டிரெயிலருக்கு மூன்று படி கட்டிக் கொடுத்தோம். அளவெல்லாம் நான் எடுத்தது.

அட்டைப் பெட்டி இப்போதும் இருக்கிறது, வான்கோழி மேசையைத் தாண்டி, வெளியே போகும் கதவோரம். இஷ்டமிருந்தால் போடலாம். பெரும்பாலும் முட்டை, உருளைக்கிழங்கு, குழந்தைகளுக்கு டயப்பர் என்றுதான் எழுதுகிறார்கள். விருந்தில் அவற்றை வாசிப்பதில்லை. பழையவற்றில் இருந்த உருக்கம் இவற்றில் இல்லை என்கிறார் மிசஸ் ப்ரூபேக்கர். அவர் இன்றும் அவ்வப்போது ஆக்னஸைப் போய்ப் பார்க்கிறார். இப்போது கொஞ்சம் ஞாபக மறதி வந்துவிட்டதாம்.

நோட்டுப் புத்தகத்தில் நான் எடுத்த பிரதி இது. முதல் வரி அச்சு. இரண்டாவது வரி 2003-இல் எழுதியது. மற்றது அந்தக் காலையில் எழுதியது.

"உங்கள் தாராள மனதால் இந்த ஆண்டு எங்கள் வீட்டில்

முட்டையும் உருளைக்கிழங்கும் இருந்தால் நன்றாக இருக்கும்.

மிஸ்டர் கெஸ்லர், இந்த அட்டை எட்டு வருஷம் தாமதம். அப்போது இதை வாங்கிக்கொள்ளவில்லை, பெயர் இல்லை என்று. ஆக்னஸ் பால்மர் என்று யாரும் இல்லை. நான்தான் எழுதினேன். வரிசையில் பன்னிரண்டாவதாக நிற்பவர்கள் இருக்கிறார்கள், வாராவாரம். அவர்களில் யாரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வர மாட்டார்கள், அவர்களைக் கேட்காதீர்கள். ஃப்ரீஸர் வேண்டும். கொடுத்தால் வைத்துக்கொள்வோம். கொடுக்காவிட்டால் கோழி பதினொன்றுதான். நன்றி என்று எழுதத்தான் இந்த அட்டை. வந்த பிறகு எழுதுகிறேன்.

மார்லீன் ஹுடாக்
நவம்பர் 14, 2011."